எட்டில் எத்தனை நீலம்

பேச்சியக்கா இறந்த செய்தி எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பின் வாட்ஸ்ஆப் குழுவில்தான் வந்தது. நான் தாபோடியில் மெட்ரோவுக்கு நின்றுகொண்டிருந்தேன். இந்தியில் இரண்டே வரி. நம் பிஸ்டல் வீராங்கனை பேச்சி மேடம், வயது 52, இன்று காலை பிம்ப்ரியில் வேலைக்குப் போன இடத்தில் மாரடைப்பால் காலமானார். அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக விழ ஆரம்பித்தன.

அக்காவுக்கு நாற்பத்தொன்பது. அவர் சுட்டது பிஸ்டல் அல்ல, ரிவால்வர். இரண்டு வரியில் இரண்டு தப்பு. மற்ற நாளாக இருந்தால் அரை நிமிடத்தில் அக்காவின் திருத்தம் வந்திருக்கும். நான் நிஜமாகவே அதற்காகத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு ரயில் வந்து போனது. திருத்தம் வரவில்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அஞ்சலி என்றால் அன்பானவர், பொறுமைசாலி என்றெல்லாம் எழுத வேண்டுமாம். அக்காவைத் தெரிந்த இந்த ஊர்த் தமிழர்களான உங்களிடம் அப்படி எழுதினால் சிரிப்பீர்கள். அக்கா ஒரு தலைவலி. பிம்ப்ரியில் பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளர். நாள் முழுக்க அடுத்தவர் செய்ததைக் கையில் எடுத்து, அளந்து, திருப்பி அனுப்பும் வேலை. அந்தப் புத்தியை அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர அவருக்குத் தெரியாது. நான் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத்தான் அவர் சேர்ந்தார். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, யூடியூபில் ஒரு முந்நூறு வீடியோவாவது பார்த்து முடித்திருந்தேன். வந்த முதல் வாரமே, சீனியரான என்னைத் திருத்த ஆரம்பித்துவிட்டார்.

கிளப்பில் பழைய பாயிண்ட் டூ டூ ரிவால்வர் ஒன்று உண்டு. சிறிய தோட்டா, எட்டு அறை. தோட்டா போட அதன் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறக்க வேண்டும். நான் மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி, 'சடக்'கென்று மூடுவேன். மெதுவாக ஓடும் வீடியோவில் அது பிரமாதமாக இருக்கும். ஒரு நாள் அப்படி வீடியோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஏல, அதை எதுக்குல அந்த அறை அறையுத?"

"வீடியோல எல்லாரும் இப்படித்தான்க்கா மூடுறாங்க."

"அது படம் எடுத்து முடிச்சதும் பெட்டிக்குள்ள போயிரும். இது நாளைக்கும் சுடணும்லா? இந்தா, சிலிண்டரத் தாங்குத கை எம்புட்டு மெல்லிசா இருக்கு பாரு. தினம் அறைஞ்சா கோணிப்போவும். பொறவு தோட்டா ஒரு பக்கம், குழல் ஒரு பக்கம்னு நிக்கும்."

"இரும்புதானேக்கா."

"இரும்புக்கு வலிக்காதுன்னு நெனைக்காத. அதுக்குச் சொல்லத் தெரியாது, அம்புட்டுதான்."

அந்த வீடியோவை நான் முடிக்கவில்லை. வாய்க்குள் முனகிக்கொண்டே, இடது உள்ளங்கையால் சிலிண்டரை மெல்லத் தள்ளி மூடினேன். 'சடக்' சத்தமே இல்லை. எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லி மாளாது.

அடுத்த தப்பு இன்னும் பெரிது. டிரை ஃபயர் என்றால் தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகுவது. குறி ஆடாமல் விசையை இழுக்க அதைவிட நல்ல பயிற்சி கிடையாது. அதனால் துப்பாக்கிக்கு ஒன்றும் ஆகாது என்று வீடியோக்களில் சொன்னார்கள். நானும் கிளப்புக்குப் போகும்போதெல்லாம் அந்த ரிவால்வரில் நூறு தடவை இழுத்தேன். இரண்டு மாதத்தில் அதன் ஓர் அறைக்குள் தோட்டா இறங்கவில்லை. அழுக்கு என்றார் ஒருவர். தோட்டா சரியில்லை என்றார் இன்னொருவர். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அந்த அறையின் விளிம்பில் நகத்தை வைத்து ஒரு சுற்று சுற்றினார். நகம் ஓர் இடத்தில் தடுக்கி நின்றது.

"இங்கன பாரு. பள்ளம். யாரு வெறும் அறையில அடிச்சது?"

நான் போனைப் பைக்குள் போட்டேன். அந்தச் சிறிய தோட்டாவுக்கு மருந்து அதன் விளிம்பில்தான் இருக்கும். ஆகவே ஊசியும் விளிம்பில்தான் அடிக்கும். தோட்டா இல்லையென்றால் அந்த அடி முழுவதும் அறையின் உதட்டில் விழும். வீடியோக்காரர்கள் காட்டியது வேறு வகைத் துப்பாக்கி. அதில் ஊசி நடுவில் அடிக்கும், அடியில் இரும்பு இருக்காது. இதைப் பதினொரு பத்தியில் அக்கா அன்று மாலை குழுவில் எழுதினார். என் பெயரைப் போடவில்லை. நான் டிரை ஃபயர் செய்து குழுவில் போட்டிருந்த வீடியோவை மட்டும் மேலே ஒட்டியிருந்தார்.

அந்த ரோஷத்தில்தான் இணையத்தைக் குடைந்தேன். சுவரில் திருகாணி இறுக்கப் போடுவார்களே, இங்கே கடைகளில் கிட்டி என்று கேட்டு வாங்கும் பிளாஸ்டிக் செருகு, அதைத் தோட்டாவுக்குப் பதில் அறைக்குள் போட்டால் ஊசி அதில் அடிக்கும், இரும்பு தப்பிக்கும் என்று வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு போய் அக்காவின் முன்னால் வைத்தேன். பாராட்டுவார் என்று நினைத்தேன்.

"என்ன கலருல இது?"

"மஞ்சள்க்கா."

"பித்தளைத் தோட்டா என்ன கலரு?"

"...மஞ்சள்."

"ஏ மூதி. நிசத் தோட்டா ஒண்ணு இதுக நடுவுல கெடந்தா, கண்ணு அதைப் புடிக்குமா? போல, செவப்பு வாங்கு."

ஆனால் அதற்கும் என்னைத் தனியாக அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிம்ப்ரி மார்க்கெட்டில் கடை கடையாக ஏறினோம். அறைக்குள் முழுதாக விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பக்கம் சிறு விளிம்பு வேண்டும். முதல் இரண்டு கடையில் விளிம்பு இல்லாததே இருந்தது. மூன்றாவது கடையில் அக்கா கைப்பையிலிருந்து வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு கிட்டியாக அளக்க ஆரம்பித்தார். கடைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு இந்தியில் கேட்டார். "மேடம், சுவருக்குத்தானே?"

"இல்ல. துப்பாக்கிக்கு."

அதன் பிறகு அந்தக் கடையில் யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

அடுத்த வருடம் அக்காவுக்கு லைசென்ஸ் கிடைத்து, சொந்தமாக அதே வகை ரிவால்வர் வாங்கினார். வேலைக்கு முன், காலை ஆறு மணிக்கு, சாங்வியில் இருக்கும் தன் வீட்டில் டிரை ஃபயர். அதற்கு அவர் வைத்த சட்டங்கள் இருக்கின்றனவே! தோட்டாக்கள் வேறு அறையில், வேறு பூட்டில். அந்தச் சாவி அவரிடம் இருக்காது, அத்தானிடம் இருக்கும். போனை ஹாலில் வைத்துவிட வேண்டும். குறிக்கான கறுப்புப் பொட்டு வெறும் செங்கல் சுவரில் கூடாது, தவறி வெடித்தாலும் தோட்டாவைத் தாங்கும் கான்கிரீட் தூணில்தான். ஊசியைத் தட்டும் சுத்தியலுக்கும் விசைக்கும் ஒரு சொட்டுக்கு மேல் எண்ணெய் கூடாது, அது தூசியைக் கூப்பிடுமாம். கிட்டியைத் தினமும் கொஞ்சம் திருப்பிப் போட வேண்டும், அடித் தடம் விளிம்பைச் சுற்றி வந்ததும் தூக்கி எறிய வேண்டும். பயிற்சி முடிந்ததும் "முடிஞ்சது" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அன்றைக்கு மறுபடி விசையைத் தொடக் கூடாது. ஒரு நாள் கிளப்பில் "இன்னும் ஒரே ஒரு தடவைக்கா" என்று கெஞ்சினேன். "விபத்து எல்லாம் அந்த ஒரே ஒரு தடவையிலதாம்ல நடக்கு" என்று பெட்டியைப் பூட்டிவிட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சட்டம். கிட்டிகளைப் போட்டதும் இரண்டாவது ஆள் ஒருவர் வந்து எட்டு அறையையும் பார்த்து, என்ன இருக்கிறது என்று வாயால் சொல்ல வேண்டும். அந்த இரண்டாவது ஆள் அவருடைய கணவர். அக்கா முறைப்படி எனக்கு அத்தான். இட்லி மாவு அரைத்து பாக்கெட் போட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் விற்பவர். காலை ஆறு மணி என்பது அவருக்கு இரண்டு கையும் மாவாக இருக்கும் நேரம். துப்பாக்கி என்றாலே பயம் வேறு.

இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு காலையில் புதிய கிட்டி பாக்கெட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். அக்கா ஹாலிலிருந்து கூப்பிட்டார். "ஏங்க, எத்தனை நீலம்?"

அத்தான் முழங்கை வரை மாவோடு வந்தார். குனிந்து பார்த்தார். "ஆறு செவப்பு, ரெண்டு நீலம்."

"எந்த எடத்துல நீலம்?"

"மேல ஒண்ணு, அதுக்கு எதுத்தாப்புல ஒண்ணு. போதுமாட்டீ? மாவு புளிக்கி."

எட்டும் சிவப்பாக இருந்தது எப்போது மாறியது என்று கேட்டேன். "போன மாசம் ஆரம்பிச்சா. தினம் ஒரு கணக்கு மாத்தி வைக்கா" என்றார் அத்தான். "நேத்து அஞ்சு நீலம். எனக்கு ஸ்கூலுக்குப் போற மாதிரி இருக்கு." எனக்கும் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. பொழுதுபோகாத தம்பதி என்று நினைத்துக்கொண்டேன்.

அதே வாரமா அடுத்த வாரமா, சரியாக நினைவில்லை, கிளப்பில் எங்கள் முறைக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அக்கா ஒரு கதை சொன்னார். வழக்கமான வேலைக் கதைதான் என்று அரைக் காதில் கேட்டேன்.

"ஒரு ஆளு, செக் பண்ணுத ஆளு, ரெண்டு வருசமாப் பாக்காமலே பாஸ் போட்டிருக்கு. எனக்கு சந்தேகம். ஒரு நாள் வேணும்னே ஒரு தப்புப் பீஸை உள்ள வச்சேன். அதுக்கும் பாஸ்."

"மாட்டிவிட்டீங்களா?"

"எதுக்கு? நல்ல ஆளு. தப்பு எம்மேலதான். சரியா இருக்கான்னு கேட்டா, சரின்னுதாம்ல பதில் வரும். பாக்காமச் சொல்ல முடியாத கேள்வியாக் கேக்கணும். கேள்விய மாத்திட்டேன்."

உங்கள் தொழிற்சாலையில் உங்களை எல்லோரும் எப்படித்தான் சகிக்கிறார்களோ என்று சொன்னேன். சிரித்தார். எங்கள் முறை வந்தது, எழுந்து போனோம்.

இனி அவர் போன பிறகு நடந்தது. இதை எழுதலாமா என்று தயங்கினேன். "எல்லாத்தையும் எழுதுடே, எனக்கு வெக்கம் இல்ல" என்று அத்தானே சொன்னதால் எழுதுகிறேன்.

லைசென்ஸ்காரர் இறந்துவிட்டால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது, ஒப்படைக்க வேண்டும். அத்தான் அதைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், போலீஸ் ஸ்டேஷனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வதாக ஏற்பாடு. அக்கா போய்ப் பத்தாம் நாள். பத்து மணிக்கு வருவார்கள், நீ கூட இரு என்று அத்தான் கூப்பிட்டார். நான் ஒன்பதுக்கே போனேன். கிரைண்டர் துணி போட்டு மூடியிருந்தது. துப்பாக்கி இருந்த பீரோவின் முன்னால் அத்தான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, அதற்குக் காவல் போல உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, உள்ள அது காலியாத்தானடே இருக்கும்?"

"அக்கா பூட்டி வச்சதுதான். எட்டும் கிட்டியாத்தான் இருக்கும். தோட்டாச் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு." சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒண்ணு சொல்லுதேன்" என்றார். "மொத ரெண்டு வருசம் நான் பாக்கவே இல்ல."

எனக்குப் புரியவில்லை.

"அவ கூப்பிடுவா. எட்டும் செவப்பான்னு கேப்பா. நான் அடுப்படியில இருந்தே எட்டும் செவப்புதாம்ட்டின்னு சத்தம் குடுப்பேன். கையெல்லாம் மாவு. அதோட அதுக்குள்ள எட்டிப் பாக்கவே பயம். ரெண்டு வருசம்டே. ஒரு நாள் ஒரே ஒரு தோட்டா அதுக்குள்ள கெடந்திருந்தா? அவ என்னய நம்பித்தான விசைய இழுத்தா. பொறவு இந்த நீலம், செவப்புன்னு ஆரம்பிச்சா. அதுல இருந்துதான் பாக்கேன். முந்தி பண்ணினத சொல்லணும், சொல்லணும்னு நெனச்சேன். சொல்லல. இனி யார்ட்ட சொல்ல?"

பெஞ்சில் அரைக் காதில் கேட்ட கதை முழுக் காதுக்கு அப்போதுதான் வந்து சேர்ந்தது. செக் பண்ணுகிற ஆள். ரெண்டு வருசம். வேண்டுமென்றே வைத்த தப்புப் பீஸ். அது ஒரு நீலக் கிட்டி. ஏழு சிவப்புக்கு நடுவே ஒரு நீலத்தை வைத்துவிட்டு, அடுப்படியிலிருந்து "எட்டும் செவப்புதாம்ட்டி" என்று வந்த குரலை அக்கா இந்த ஹாலில் நின்றுதான் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்குமாடே?" என்றார் அத்தான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

கான்ஸ்டபிள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவசரக்காரர். அத்தான் பூட்டைத் திறந்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார். கான்ஸ்டபிள் ரிவால்வரை எடுத்து, சிலிண்டரைத் திறந்து, ஒரு கண் பார்த்தார். "பிளாஸ்டிக் ஹை. காலி ஹை, அண்ணா."

"ருக்கியே, சாப்" என்று கை காட்டி நிறுத்தினார் அத்தான்.

கான்ஸ்டபிள் நிமிர்ந்தார். அத்தான் இந்தியில் கேட்டார். "எத்தனை சிவப்பு, எத்தனை நீலம்?"

"இவர் என்ன கேட்கிறார்?" என்று கான்ஸ்டபிள் என்னிடம் கேட்டார்.

"சொல்லிடுங்க சார். சொல்லாம விட மாட்டார்."

அவர் சலித்துக்கொண்டு மறுபடி குனிந்தார். இந்தத் தடவை நிஜமாகவே பார்த்தார். "பாஞ்ச் லால். தீன் நீலா."

அத்தான் அந்த இரண்டடியையும் கடந்து வந்தார். கான்ஸ்டபிளின் கையிலிருந்த சிலிண்டருக்கு மேலே குனிந்து, வாயசைத்து, ஒவ்வொன்றாக எண்ணினார். "அஞ்சு செவப்பு, மூணு நீலம்" என்றார் என்னிடம். "அன்னைக்குக் காலையில நான் அவகிட்ட சொன்னதும் இதாம்டே."

பிறகு கிட்டிகளை வெளியே தட்டினார்கள். எட்டும் அத்தானின் உள்ளங்கையில் விழுந்தன. வெறும் சிலிண்டரை ஜன்னல் பக்கம் காட்டச் சொல்லி, எட்டு ஓட்டையிலும் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அத்தான் தலையசைத்தார். கான்ஸ்டபிள் மணிக்கட்டை வெட்டி மூடப் போனார். அது என் வாயிலிருந்து தானாக வந்தது. "ரெண்டு கையாலயும், சார். மெதுவா."

"துப்பாக்கி உன்னுடையதா?" என்று கேட்டார். ஆனால் இரண்டு கையாலும்தான் மூடினார்.

அவர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போன பிறகு, பெஞ்சுக் கதையை அத்தானிடம் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். நல்ல ஆளு என்று அக்கா சொன்னதையும் சொன்னேன். அவர் உள்ளங்கைக் கிட்டிகளை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியேடே."

"கேட்டாங்க அத்தான். தினமும் காலையில ஆறு மணிக்குக் கேட்டாங்க. எத்தனை நீலம்னு."

அவர் நீலங்களை மட்டும் தனியாகப் பொறுக்கி எடுத்தார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "செத்த பொறவும் விட மாட்டேங்காளே, சவம்" என்றார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். போய்க் கிரைண்டர் மேல் கிடந்த துணியை எடுத்து மடித்து வைத்தார்.

மூன்று நீலத்தில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். என் சாவிக்கொத்தில் கோத்திருக்கிறேன். அதைவிட உபத்திரவமாக அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தக் கேள்விதான். கேஸை மூடியாச்சா என்று அம்மாவிடம் இப்போதெல்லாம் கேட்க முடிவதில்லை, குமிழ் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கேட்கிறேன். அம்மாவுக்குக் கெட்ட கோபம் வருகிறது. எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் திட்டுகிறார்.

கடைசியாக ஒன்று. உங்களில் சிலர் அந்த வாட்ஸ்ஆப் குழுவில் இருக்கிறீர்கள். அக்காவைப் பற்றிய செய்திக்குக் கீழே நான் ஒரு திருத்தம் போட்டேன். சரியான வயது, பிஸ்டல் இல்லை ரிவால்வர், இவ்வளவுதான். ஒரே நிமிடத்தில் பன்னிரண்டு பேர் கட்டைவிரலைப் போட்டீர்கள். படித்தீர்களா என்று நான் கேட்கவில்லை. அக்காவுக்கு என்ன வயது என்று எழுதியிருக்கிறேன் என்று கேட்டேன். இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.